4.55 சராசரி கொண்ட பிட்சருக்கு 210 மில்லியன் டொலர்: என் மருமகனின் 11 புள்ளிகளைப் பல்கலைக்கழகங்கள் எப்படி மதிப்பிடும்?

கொக்குவில் பயிற்றுநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் கூடைப்பந்தாட்ட அணிக்குப் பல வருடங்களாகப் பயிற்சி அளித்து வருகிறேன். பாடசாலை மட்டத்தில் ஒரு பிள்ளையின் திறமையைக் கணிப்பது எனக்குப் பழக்கமானது. ஆனால் இப்போது என்னிடம் வந்திருக்கும் கேள்வி அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வீரர்களைத் தெரிவு செய்யும் முறை பற்றியது என்பதால், அந்நாட்டு விளையாட்டுகளை உன்னிப்பாகப் பின்தொடரும் உங்களிடம் கேட்கிறேன்.

என் அக்காவின் மகன் கனடாவின் ஸ்காபுறோவில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். 188 சென்ரிமீற்றர் உயரம். பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்தும் பொயின்ட் கார்ட் நிலையில் ஆடுகிறான். ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 11 புள்ளிகள் பெறுகிறான். மூன்று இடங்களிலிருந்து அவனைக் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் உயர்மட்டமான முதலாம் பிரிவில் ஆடும், ஆனால் பெரிதாகப் பெயர் பெறாத ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. இரண்டாம் பிரிவிலுள்ள இன்னொன்று, செலவின் ஒரு பகுதிக்குப் புலமைப்பரிசில் தருவதாக எழுத்தில் அறிவித்திருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவன்மீது ஆர்வம் காட்டுகிறது.

அத்தானுக்கு இந்த மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. அவர் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியின் பேஸ்போல் ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்ப்பவர். 2025ஆம் ஆண்டுப் பருவத்தை 4.55 என்ற சுமாரான ஓட்டச் சராசரியுடன் முடித்த டிலன் சீஸ் என்ற பிட்சருக்கு, அதாவது பந்தெறிபவருக்கு, அந்த அணி 7 ஆண்டுகளுக்கு 210 மில்லியன் டொலர் கொடுத்து ஒப்பந்தம் செய்ததை அவர் சுட்டிக்காட்டுகிறார். விடயம் அறிந்தவர்கள் கணக்கைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் ஆற்றலைத்தான் பார்க்கிறார்கள் என்பதும், ஆகவே மகனின் 11 புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு வருடம் பொறுத்திருந்தால் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவனைத் தேடி வரும் என்பதும் அவருடைய வாதம். அக்கா என்னுடைய கருத்தைக் கேட்கிறார்.

அத்தானின் வாதத்தை ஆராயாமல் தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஒரு பிட்சரை விலைபேசும் அணி உண்மையில் எதைப் பார்க்கிறது? பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத் தெரிவிலும் அதே விதமான பார்வை இருக்கிறதா? இருக்குமாயின், இந்தப் பிள்ளை எதைத் தெரிவு செய்வது நல்லது?

நல்லூர் வாசகர் பதில்:

வணக்கம் ஐயா. உங்கள் அத்தான் மிக நல்ல உதாரணத்தை எடுத்திருக்கிறார். அதிலிருந்து அவர் வந்தடைந்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. புளூ ஜேய்ஸ் நிர்வாகம் கணக்கைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்கவில்லை. தொலைக்காட்சித் திரையில் பெரிதாகத் தெரியும் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு அடியில் கிடக்கும் கணக்குகளைப் பார்த்துத்தான் கொடுத்தது.

ஈ.ஆர்.ஏ. எனப்படும் அந்த 4.55, களத்தடுப்புத் தவறுகளால் வந்த ஓட்டங்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் எத்தனை ஓட்டங்களை விட்டுக்கொடுக்கிறார் என்பதைச் சொல்லும் சராசரி; குறைவாக இருந்தால் நல்லது. நடந்து முடிந்ததை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் அந்த ஓட்டங்களில் எவ்வளவுக்குப் பிட்சர் பொறுப்பு, எவ்வளவுக்குப் பின்னால் நிற்கும் களத்தடுப்பாளர்களும் அதிர்ஷ்டமும் பொறுப்பு என்பதை அது பிரித்துக் காட்டாது. கிரிக்கெட்டில் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்பில் நிற்பவரின் கைக்குப் போனால் விக்கெட், இரண்டு அடி தள்ளிப் போனால் நான்கு ஓட்டம். பந்துவீச்சாளர் இரண்டு தடவையும் ஒரே பந்தைத்தான் வீசியிருப்பார். பேஸ்போலில் இந்தப் பிரச்சினையை வோரோஸ் மக்கிராக்கன் என்ற ஆய்வாளர் 2001இல் எடுத்துப் பேசினார். துடுப்பில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்து ஆட்டமிழப்பாவதும் ஓட்டமாவதும், எல்லோரும் நம்பியிருந்த அளவுக்குப் பிட்சரின் கையில் இல்லை என்று அவர் காட்டியபோது பலர் ஏற்க மறுத்தார்கள். இன்று எந்த அணியின் நிர்வாகமும் அந்தச் சிந்தனையைத் தவிர்த்துவிட்டு விலைபேசுவதில்லை.

அதன் வழியாக வந்ததே எஃப்.ஐ.பி. என்ற அளவீடு. களத்தடுப்பாளரின் கைக்குப் போகாத விளைவுகளை மட்டும் அது எண்ணுகிறது. துடுப்பாளர் பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும்படி பிட்சர் கொடுத்த ஹோம் ரன்களை 13ஆலும், இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிய வோக்குகளையும் உடம்பில் பட்ட எறிகளையும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, களத்தடுப்பாளரின் உதவியின்றித் துடுப்பாளரை ஆட்டமிழக்கச் செய்த ஸ்ட்ரைக் அவுட்களை 2ஆல் பெருக்கிக் கழித்து, வருவதை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுத்து, ஈ.ஆர்.ஏ. அளவுக்குக் கொண்டுவர ஒரு மாறிலியைக் கூட்டுவார்கள். சீஸின் ஈ.ஆர்.ஏ. 4.55ஆக இருந்த அதே 2025இல் அவருடைய எஃப்.ஐ.பி. 3.56.

இனி அவருடைய ஐந்து வருடங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். 2021 தொடக்கம் 2025 வரை அவருடைய ஈ.ஆர்.ஏ. 3.91, 2.20, 4.58, 3.47, 4.55 என்று வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கியது. அதே ஐந்து வருடங்களில் அவர் எடுத்த ஸ்ட்ரைக் அவுட்கள் 226, 227, 214, 224, 215. முதல் வரிசையைப் பார்ப்பவருக்கு வெவ்வேறு பிட்சர்களின் கணக்குப் போலத் தோன்றும். இரண்டாம் வரிசையில் இருப்பவர் ஒரே மனிதர். அத்துடன் அந்த ஐந்து வருடங்களில் ஒவ்வொன்றிலும் 32 அல்லது 33 ஆட்டங்களில் தொடக்கப் பிட்சராக இறங்கியிருக்கிறார். ஆண்டுக்கு 30 மில்லியன் டொலர் கொடுக்கும் அணி, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் திரும்பி வரக்கூடியது எது என்று பார்த்தே கொடுக்கிறது. போன வருடத்து ஓட்டங்களுக்கான பணத்தைப் போன வருடத்து அணி கொடுத்து முடித்துவிட்டது.

திரும்பி வராததற்கு விலை கொடுத்த கதைகளும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது புளூ ஜேய்ஸ் அணியின் ரொபி ரே, அமெரிக்க லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைப் பெற்றுவிட்டு, ஒப்பந்தம் முடிந்து எந்த அணியுடனும் பேசக்கூடிய ஃபிரீ ஏஜென்ட்டாகச் சந்தைக்கு வந்தார். அவருடைய விருதுப் பருவம் அருமையானது: 193 இன்னிங்ஸில் 52 வோக்குகள் மட்டுமே. ஆனால் அதற்கு முந்திய 2020இல் 51 இன்னிங்ஸில் 45 வோக்குகளைக் கொடுத்தவரும் அவர்தான். சியாட்டில் அணி அவருக்கு 5 ஆண்டுகளுக்கு 115 மில்லியன் டொலர் கொடுத்தது. ஏறத்தாழ அதே நாட்களில் புளூ ஜேய்ஸ் அவருடைய இடத்துக்குக் கெவின் கோஸ்மனை 5 ஆண்டுகளுக்கு 110 மில்லியன் டொலருக்கு எடுத்தது. ரே 2023இல் தன் முதல் ஆட்டத்தோடு முழங்கைக் காயத்துக்கு உள்ளாகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். கோஸ்மன் 2022 முதல் 2025 வரை ஒரு வருடமும் தவறாமல் 30 ஆட்டங்களுக்கு மேல் தொடங்கி, 2025இல் சம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்ற அணியில் தூணாக நின்றார். 2022இல் கோஸ்மனின் ஈ.ஆர்.ஏ. 3.35, எஃப்.ஐ.பி. 2.38 என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் அவருக்கு எதிராகத் துடுப்பில் பட்ட பந்துகள் வழமைக்கு மாறாகக் களத்தில் இடைவெளி கண்டுபிடித்தன. அவரைக் குறைத்து எடைபோட்டவர்கள் இருந்தார்கள். நிர்வாகம் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

காயத்தை முன்கூட்டியே கணக்கிட எந்த அளவீட்டாலும் முடியாது என்பதையும் மறைக்கக் கூடாது. 2019 உலகத் தொடரின் மிகச் சிறந்த வீரரான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பேர்க்குக்கு வோஷிங்டன் அணி 7 ஆண்டுகளுக்கு 245 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு அவரால் தொடங்க முடிந்தது 8 ஆட்டங்கள் மட்டுமே.

இப்போது உங்கள் மருமகனிடம் வருகிறேன். ஆட்டமொன்றுக்கு 11 புள்ளிகள் என்பது அவனுடைய ஈ.ஆர்.ஏ.; அது அவன் ஆடிய நிமிடங்களையும், சக வீரர்களையும், எதிரணியின் தரத்தையும் பொறுத்தது. மூன்று புள்ளி எறிகளின் வீதமும் அப்படித்தான். 40 எறிகளில் 14 விழுந்தால் 35 வீதம், 17 விழுந்தால் 42.5 வீதம், வளையத்தின் விளிம்பில் சுற்றி உள்ளே விழும் மூன்று பந்துகள் ஒரு பிள்ளையைச் சாதாரண எறியாளனிலிருந்து சிறந்த எறியாளனாக்கிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள தெரிவாளர்கள் இலவச எறி வீதத்தை உற்றுப் பார்க்கிறார்கள். யாரும் மறிக்காத, தூரம் மாறாத அந்த எறியில் கையின் உண்மையான பழக்கம் தெரியும். மூன்று புள்ளி எறி பின்னாளில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு, குறைந்த எண்ணிக்கையிலான மூன்று புள்ளி எறிகளைவிட அதுவே நல்ல குறிகாட்டி. பொயின்ட் கார்ட் ஒருவனுக்குப் புள்ளிக்கு உதவிய பாஸ்களும், எதிரணியிடம் பந்தை இழந்த தடவைகளும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது இன்னும் முக்கியம். அத்தான் சொன்ன முதற்பாதி இவ்வளவுக்குச் சரி: 11 என்ற இலக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பொறுத்திருந்தால் பெரிய இடம் வரும் என்ற பிற்பாதி சீஸின் கதையிலிருந்து வராது. பேஸ்போலின் மேஜர் லீக்கில் ஒரு வீரர் ஆறு வருடச் சேவையை முடித்த பின்னரே ஃபிரீ ஏஜென்ட் ஆகிறார். சீஸ் தன் கணக்கை எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்துவிட்டே சந்தைக்கு வந்தார். உங்கள் மருமகன் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

திருநெல்வேலி ஆசிரியர் பதில்:

நல்லூர் வாசகர் கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனெனில் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தின் இன்றைய நிலையை அறிந்துகொள்ள அதுவே சரியான வாசல். நான் அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து ஊர் திரும்பியவன். நான் அங்கிருந்த காலத்தில் ஒரு பல்கலைக்கழக அணி என்றால் பாடசாலையிலிருந்து பிள்ளைகளை எடுத்து நான்கு வருடம் வளர்ப்பது என்றுதான் பொருள். அந்த ஒழுங்கு மறைந்துவிட்டது.

2018 ஒக்ரோபரில், பல்கலைக்கழகம் மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும், டிரான்ஸ்பர் போர்ட்டல் எனப்படும் இடமாற்றப் பதிவேடு தொடங்கியது. 2021இல் ஒரு தடவை மாறுபவர் ஒரு வருடம் வெளியே உட்காராமல் உடனே ஆடலாம் என்றானது. அதே ஆண்டு யூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வருமானம் பெறவும் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதியாக இருந்தால் எத்தனை தடவையும் மாறலாம் என்று விதி தளர்ந்தது. 2025 யூனில் நீதிமன்றம் அங்கீகரித்த, வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் இணக்கப்பாட்டின் பின்னர் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. முதல் வருடத்தில் ஒரு பல்கலைக்கழகம் தன் எல்லா விளையாட்டுகளுக்குமாகக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். பேஸ்போல் வீரர் ஆறு வருடம் காத்திருந்து பெறும் சுதந்திரத்தைப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வீரர் ஒவ்வொரு வசந்த காலத்திலும் பெறுகிறார் என்றால் மிகையாகாது.

இதன் விளைவு பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. முதலாம் பிரிவில் 360க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. புதிய இணக்கப்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஓர் அணியில் 15 இடங்கள். அந்த இடங்களுக்கு 2025இன் வசந்த காலத்தில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட வீரர்கள் இடமாற்றப் பதிவேட்டில் பெயர் கொடுத்தார்கள். ஒரு பயிற்றுநரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 22 வயதில், பல்கலைக்கழக மட்டத்தில் நூறு ஆட்டங்கள் ஆடி, தன் இலவச எறி வீதத்தையும் பந்து இழப்புகளையும் எல்லோரும் பார்க்கும்படி பதிந்து வைத்திருக்கும் ஒருவர் ஒரு பக்கம். 18 வயதில், ஸ்காபுறோ உள்ளரங்கு ஒன்றின் காணொளியில் மட்டும் தெரியும் பிள்ளை மறுபக்கம். அடுத்த வருடமே வெல்லவேண்டிய பயிற்றுநர் யாரை எடுப்பார்?

2025இல் சம்பியனான புளோரிடாப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இறுதியாட்டத்தில் ஹூஸ்டனை 65க்கு 63 என்று வென்ற அந்த அணியின் கார்ட் நிலையில் ஆடிய மூன்று முக்கிய வீரர்களில் ஒருவரும் புளோரிடாவில் தொடங்கியவரல்ல. வோல்ட்டர் கிளேட்டன் அயோனா என்ற சிறிய பல்கலைக்கழகத்திலிருந்தும், அலைஜா மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மொன்டிலிருந்தும் வந்தவர்கள். மார்ட்டினை அதே வருடம் தொழில்முறை அணியான ரொறன்ரோ ராப்டர்ஸ் தெரிவு செய்தது. உங்கள் அத்தானுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பெரிய பல்கலைக்கழகங்கள் இன்று சிறிய பல்கலைக்கழகங்களைத் தங்கள் வளர்ப்பு நிலங்களாகப் பயன்படுத்துகின்றன. இது சிறிய பல்கலைக்கழகங்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் உங்கள் மருமகனுக்குப் பெரிய இடத்துக்குப் போகும் பாதை அவற்றின் ஊடாகவே செல்கிறது. வீட்டில் இருந்து காத்திருப்பதன் ஊடாகச் செல்லவில்லை.

ரொறன்ரோவில் வளர்ந்த சாக் ஈடியை அத்தான் எதிர்வாதமாகச் சொல்லக்கூடும். ஹாக்கியும் பேஸ்போலும் ஆடித் திரிந்துவிட்டுப் பதின்ம வயதின் நடுவில் கூடைப்பந்துக்கு வந்து, பாடசாலை வீரர் தரவரிசையில் 400ஆம் இடத்துக்கும் கீழே கிடந்தவர், பேர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2023இலும் 2024இலும் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த வீரரானார். ஆனால் அவர் உயரம் 224 சென்ரிமீற்றர். அந்த உயரத்துக்கு எந்தப் பயிற்றுநரும் பொறுமை காட்டுவார். வலைப்பந்தாட்டத்தில் நம் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு அவுஸ்திரேலியக் கழகங்கள் வரை சென்று ஆடினார். உயரத்தோடு துல்லியமும் சேர்ந்தபோது உலகம் அவரைத் தேடி வந்தது. 188 சென்ரிமீற்றர் பொயின்ட் கார்ட் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் முன்மாதிரி ஸ்டீவ் நாஷ். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளர்ந்த அவருக்குக் கிடைத்தது ஒரேயொரு பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசில், கலிபோர்னியாவின் சான்டா கிளாரா. அதை ஏற்று, அங்கு ஆடி, 1996இல் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக்கான என்.பி.ஏ.யின் 15ஆவது தெரிவாகி, 2005இலும் 2006இலும் அதன் மிகப் பெறுமதியான வீரரானார்.

ஆகவே முதலாம் பிரிவின் அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தை நான் தெரிவு செய்வேன், முதல் இரண்டு வருடங்களில் அவனுக்கு ஆட நிமிடங்கள் கிடைக்கும் என்றால். அந்த அணியில் இப்போது பொயின்ட் கார்ட் ஆடுபவர்கள் எந்த வருடத்தில் இருக்கிறார்கள், கடந்த மூன்று வருடங்களில் பாடசாலையிலிருந்து நேரடியாக எடுத்த பிள்ளைகள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்ற விபரங்கள் அணியின் இணையப் பக்கத்திலேயே கிடைக்கும்.

முன்னாள் வீராங்கனை, யாழ் நகர் பதில்:

அண்ணா, மேலே இருவரும் எழுதியவற்றை விரும்பி வாசித்தேன். ஆனால் பிட்சருக்கும் மாணவனுக்கும் இடையில் இருக்கும் மிகப் பெரிய வேறுபாட்டை இருவரும் தொடாமல் சென்றுவிட்டார்கள்.

ஸ்ட்ராஸ்பேர்க் 8 ஆட்டங்கள்தான் ஆடினார், ஆனால் அவருடைய ஒப்பந்தம் உறுதியளிக்கப்பட்டது. பேஸ்போலில் காயத்தின் முழுச் சுமையையும் தாங்குவது அணி. அதனால்தான் அணிகள் பிட்சரின் தோளையும் முழங்கையையும் இவ்வளவு பயத்தோடு பரிசோதிக்கின்றன. பல்கலைக்கழக வீரனின் நிலை அதற்கு நேர்மாறானது. அவனுடைய உதவித்தொகை பல இடங்களில் ஒரு வருடத்துக்கே எழுதப்பட்டு வருடாவருடம் புதுப்பிக்கப்படுகிறது. முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் இழப்பு முதலில் அவனுடைய வீட்டுக்கு வரும். இரண்டு பக்கமும் மதிப்பீடு ஒன்றாக இருக்கலாம், ஆபத்தைச் சுமப்பவர் வேறு. உங்கள் மருமகன் இங்கே பிட்சரின் இடத்தில் மட்டும் நிற்கவில்லை. தன் நான்கு வருடங்களை முதலாகப் போடுகிறபடியால் வாங்குபவரின் இடத்திலும் நிற்கிறான். அவனும் அந்த நிர்வாகங்களைப் போலவே, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நிலைத்திருப்பது எது என்று கேட்க வேண்டும்.

பயிற்றுநர் நிலைத்திருக்கமாட்டார். ஆசிரியர் குறிப்பிட்ட கிளேட்டனே அதற்குச் சாட்சி: அவரை அயோனாவுக்கு எடுத்த ரிக் பிட்டினோ 2023இல் நியூயோர்க்கின் சென். ஜோன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், கிளேட்டனும் அயோனாவை விட்டு வெளியேறினார். கிளேட்டன் அளவுக்கு ஆடியவருக்குப் புளோரிடா கிடைத்தது. அதே நாளில் அதே அணியில் ஏழு நிமிடம் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையை யாரும் பேட்டி காண்பதில்லை. புதிய பயிற்றுநர் தன்னுடைய ஆட்களோடு வருவார், வாய்மொழி வாக்குறுதி அவரைக் கட்டுப்படுத்தாது. முன்பு மாணவரையும் பல்கலைக்கழகத்தையும் பிணைத்த தேசிய உறுதிக் கடிதமும் 2024 ஒக்ரோபரில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது கையில் இருக்கவேண்டியது நிதி உதவி ஒப்பந்தம் மட்டுமே.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். முன்பு முதலாம் பிரிவு ஆண்கள் அணிக்கு 13 புலமைப்பரிசில்கள், ஒவ்வொன்றும் முழுமையானது. இணக்கப்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் இப்போது அவற்றைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆகவே முதலாம் பிரிவு என்ற பெயரைக் கேட்டதும் முழுச் செலவும் தீர்ந்தது என்று அக்கா நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 10 முழுப் புலமைப்பரிசில்களுக்கு நிகரான தொகை இருக்கிறது, அதைப் பலருக்குப் பங்கிடுவது அங்கே எப்போதும் நடைமுறை. கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டில் உதவித்தொகை கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்ட முடியாது. ஆனால் ஒன்ராறியோவில் அந்தக் கட்டணம் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைவிட எவ்வளவோ குறைவு, பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம்.

எனவே எழுத்தில் வந்திருக்கும் இரண்டாம் பிரிவு வாய்ப்பைத்தான், கூடவே ஒன்ராறியோ வாய்ப்பையும், நான் முன்னால் வைப்பேன். முதலாம் பிரிவுப் பல்கலைக்கழகம் தன் சொல்லை எழுத்தாக்கட்டும். எத்தனை வருடத்துக்கு, செலவில் எவ்வளவு, காயம் பட்டால் என்ன என்ற மூன்றையும் எழுதித் தந்தால் அப்போது ஆசிரியரின் பக்கம் வரலாம். முதலாம் பிரிவில் 2024 ஓகஸ்ட் முதல், விளையாட்டால் ஏற்பட்ட காயத்துக்கு வீரர் வெளியேறிய பின்னரும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அது பெரிய ஆறுதல்தான், ஆனால் படிப்பைத் தொடர்வதற்கான பணத்தையும் ஒப்பந்தத்தில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளின் அணியில் ஆடிக் காயத்தோடு விலகிய பலரை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் நன்றாக இருப்பவர்கள் எல்லோரும் ஆட்டத்தோடு ஒரு பட்டத்தையும் கையில் வைத்திருந்தவர்கள்.

கொக்குவில் பயிற்றுநர்:

மூவருக்கும் மிக்க நன்றி. அக்காவுக்கும் அத்தானுக்கும் உங்கள் பதில்களை அனுப்பி, தொலைபேசியில் நெடுநேரம் பேசினேன். சீஸின் ஸ்ட்ரைக் அவுட் வரிசையைக் கண்டதும் அத்தான் தன் வாதத்தின் பிற்பாதியைத் தானே கைவிட்டார்; அவர் பேஸ்போலை உண்மையாக நேசிப்பவர் என்பது அதிலேயே தெரிந்தது. மருமகன் இந்தப் பருவத்தில் ஆடிய ஆட்டங்களின் முழுப் பதிவுகளையும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சிறந்த காட்சிகளைத் தொகுத்த காணொளி எனக்கு வேண்டாம். முழு மைதான அழுத்தத்தில் அவன் பந்தை எத்தனை தடவை இழக்கிறான் என்று நானே எண்ணிப் பார்க்கப் போகிறேன். அவனுடைய இலவச எறி வீதம் 84 என்பது இப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை.

வாய்மொழியாகச் சொன்ன பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்ப முடிவாகியிருக்கிறது. ஒரேயொரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. அந்தப் பயிற்றுநர் புலமைப்பரிசில் குறைந்தாலும் விளம்பர வருமானத்தால் அதை ஈடுகட்டலாம் என்று மருமகனிடம் சொன்னாராம். அவன் கனடியக் குடியுரிமை உள்ளவன். இது சாத்தியமா?

திருநெல்வேலி ஆசிரியர் பதில்:

அந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் ஐயா. கனடியர்கள் அமெரிக்காவுக்குள் நுழையக் கடவுச்சீட்டில் வீசா முத்திரை தேவையில்லை என்றாலும், படிக்கும் காலத்தில் அவர்களும் எஃப்-1 மாணவர் நிலையிலேயே இருக்கிறார்கள். அந்த நிலையில் இருப்பவர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் கல்வித் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். வெளியே அனுமதியில்லாமல் உழைத்தால் மாணவர் நிலையையே இழக்க நேரிடும். தன் பெயரை வைத்து விளம்பரம் செய்து பணம் பெறுவது அமெரிக்க மாணவர்களுக்குத் திறந்த கதவு. வெளிநாட்டு மாணவர்களுக்கு அது இன்னும் தெளிவில்லாத, ஆபத்தான இடம். நாடே அறிந்த வீரராக இருந்த ஈடிகூட, தன் அமெரிக்கச் சக வீரர்களைப் போல அந்த வருமானத்தைப் பெற முடியாமல்தான் பேர்டியூவில் ஆடினார். ஒரு பயிற்றுநர் இதை அறியாமல் சொல்லியிருந்தால் வெளிநாட்டு மாணவர்களை எடுத்த அனுபவம் அவருக்கு இல்லை என்று பொருள். அறிந்தும் சொல்லியிருந்தால் முன்னாள் வீராங்கனை எழுதிய எச்சரிக்கை இன்னும் கனமாகிறது. எதுவாயினும், அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அக்காவே எழுதிக் கேட்கட்டும். பயிற்றுநர் வழியாகக் கேட்க வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். முதலாம் பிரிவுக்கும் இரண்டாம் பிரிவுக்கும் 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும். முதலாம் பிரிவில் அவற்றின் சராசரி 4க்கு 2.3, இரண்டாம் பிரிவில் 2.2. எஸ்.ஏ.டி. பரீட்சைப் புள்ளி 2023 முதல் இந்தத் தகுதிக்குத் தேவையில்லை, ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் சேர்க்கைக்குத் தனியாகக் கேட்கலாம். அவன் படிக்கும் பாடசாலையின் பாடங்களில் எவை அந்த 16க்குள் ஏற்கப்படுகின்றன என்பது அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் தகுதி நிலையத்தின் இணையப் பட்டியலில் பாடசாலை வாரியாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் குறைகிறது என்று தெரிந்தால் கோடை விடுமுறைக்குள் எடுத்து முடிக்கலாம். ஓகஸ்டில் தெரிந்தால் மூன்று வாய்ப்புகளில் இரண்டு அந்த வருடத்துக்குக் கைநழுவிப் போகும்.